தாராளமா வாங்கு மாப்ளே!

மாப்ளே, நீ வீட்டு வண்டி வாங்கப் போறதா உங்கம்மா போன்ல சொன்னா. கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோசம். நம்ம வம்சத்துல வீடு கட்டிக் கெட்டவன் இருக்கான், வண்டி வாங்கிக் கெட்டவனும் இருக்கான். ரெண்டையும் ஒரே ரசீதுல வாங்குற தைரியம் உனக்குத்தான் வந்திருக்கு. தாராளமா வாங்கு. மாமன் குறுக்கே நிக்க மாட்டேன். ஆனா வாங்கிப்புட்டு ஒருநாள், "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னு கேப்பே பாரு, அந்தப் பழி எனக்கு வேண்டாம். அதான் இப்பவே சொல்லி வச்சிர்றேன்.

நம்ம ஊர்ல கேரவன்னா எல்லாருக்கும் தெரிஞ்சது ஒண்ணுதான். ஷூட்டிங் நடக்குற எடத்துல, வேப்பமரத்தடியில, ஏசி போட்டுக்கிட்டு நிக்கும். உள்ள நடிகர் இருப்பாரு. வாடகை, டீசல், ஜெனரேட்டர், டிரைவர் பேட்டா எல்லாம் தயாரிப்பாளர் தலையில. நடிகருக்குக் கேரவன் ஏன் பிடிக்குதுன்னு இப்பப் புரியுதா? நீ வாங்கப் போற வண்டியில நடிகரும் நீ, தயாரிப்பாளரும் நீ, டிரைவரும் நீ. கக்கூஸ் கழுவுற ஆளும் நீயேதான். அந்தக் கதைக்குப் பொறவு வாரேன்.

போன கோடையில லண்டன் ஹாரோவுல உன் வீட்டுல வந்து இருந்தேனே, நீயும் உன் பொண்டாட்டி, அந்தப் புள்ளயும் வேலைக்குப் போன பொறவு நான் பகலெல்லாம் யாரோட இருந்தேன்னு நெனச்சே? மூணாவது வீட்டு வெள்ளைக்காரப் பெரியவரோடதான். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுசன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீசு அரைகுறை. இருந்தாலும் நான் டிராக்டர்ல டிரெய்லர் இழுத்தவன், அவரு கார்ல வீட்டை இழுக்குறவரு. பேச்சு தானா ஓடுச்சு. ஓடாத எடத்துல உன் மகன் வந்து தள்ளி விட்டான்.

அவரு அந்தக் கேரவனை ஓட்டிப் பாத்ததைவிடத் துடைச்சுப் பாத்ததுதான் நான் அதிகம். ஒருநாள் ரெண்டு முள்ளு வச்ச சின்னக் கருவியை எடுத்து ஜன்னல் மூலையில குத்திக் காட்டுனாரு. ஈரம் பாக்குற மீட்டராம். அதுல நம்பர் ஏறினா மனுசனுக்கு முகம் வெளுத்துரும். (வெள்ளைக்காரருக்கு இன்னும் என்னத்த வெளுக்கன்னு கேக்காதே.) விசயம் என்னன்னா, இந்த வண்டிக்குச் சுவருன்னு சொல்றது வெளியே ஒரு அலுமினியத் தகடோ பைபர் தகடோ, உள்ள ஒரு ஒட்டுப்பலகை, நடுவுல நுரைப்பஞ்சு. பழைய மாடல்னா மரச்சட்டம். மூட்டுல அடைச்சிருக்குற பசை வருசம் போகப்போகக் காஞ்சு வெடிக்கும். இங்கிலாந்து மழை சும்மா இருக்குமா? மெதுவா உள்ள எறங்கும். வெளியே ஒண்ணும் தெரியாது. தெரியுற அன்னைக்கு மரம் உளுத்துப் போயிருக்கும். பெரிய ஈரம்னா ரிப்பேருக்கு ஆயிரக்கணக்குல பவுண்டு போகும்னாரு. அதனாலதான் எஞ்சின் சர்வீசு தனி, வீட்டுச் சர்வீசு தனின்னு வச்சிருக்கான். கேஸ் கசியுதா, கரண்ட் ஒழுங்கா இருக்கா, ஈரம் ஏறியிருக்கான்னு பாக்க வருசத்துக்கு 200, 300 பவுண்டு. செய்யலேன்னா வாரண்டி போயிரும்.

சரி, நீ இழுக்குற கேரவன் வாங்கல, எஞ்சின் வச்ச மோட்டார்ஹோம்தான்னு உங்கம்மா சொன்னா. அதுவும் புதுசு. சபாஷ்! 60,000 பவுண்டுல ஆரம்பிச்சு லட்சத்தைத் தாண்டிப் போகுதாமே. நீ சுமாரா 70,000ல பாத்திருக்கே. அந்த எழுவதாயிரத்துல 20 சதவீத வாட் வரி உள்ள உக்காந்திருக்கு. கணக்குப் போட்டேன், 11,666 பவுண்டு சொச்சம். சாவியை நீ கையில வாங்குற நிமிசமே அது அரசாங்கத்துக்குப் போயாச்சு. மறுநாள் உங்கிட்ட வாங்க வர்ற எவனும் அந்த வரிக்காசைத் திருப்பித் தரப் போறதில்ல. வாங்குன அன்னைக்கே பதினோராயிரத்தைத் தானம் பண்ணுறதுன்னா சும்மாவா? நம்ம கோயில் தேருக்கு வடம் வாங்க வசூல் பண்ணப்ப 500 ரூவா எழுதுன கை அது.

மாப்ளே, ஒரு கணக்கு மட்டும் ஒக்காந்து போடு. டீசல் கணக்கு இல்ல. எல்லாரும் டீசலைத்தான் கேக்குறான். உன் வீட்டுல இருந்து கார்ன்வால் கடற்கரைக்குப் போக வர 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். அந்த வண்டி லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தாலே அதிகம். லிட்டர் ஒண்ணரைப் பவுண்டுன்னு வச்சாலும் 120, 125 பவுண்டோட முடிஞ்சு போச்சு. ஓடுறதுக்கு ஆகுற செலவு கண்ணுக்குத் தெரியும், பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கொடுத்துருவோம். நிக்கிறதுக்கு ஆகுற செலவு இருக்கு பாரு, அதுதான் சத்தமில்லாமத் தின்னும். உழவில்லாத நாள்லயும் மாடு வைக்கோல் தின்னத்தானே செய்யும்?

எழுவதாயிரத்துக்கு வாங்குறே. அஞ்சு வருசம் கழிச்சு 45,000க்குப் போச்சுன்னு வச்சுக்க. வருசத்துக்கு 5,000 தேய்மானம். இன்சூரன்சு 550. நிறுத்தி வைக்க எடத்துக்கு 600. வீட்டுச் சர்வீசு, எஞ்சின் சர்வீசு, மூணு வருசம் தாண்டினா எம்.ஓ.டி. பரிசோதனை, எல்லாம் சேத்து 450. சாலை வரி 350. கூட்டிப் பாரு, 6,950. இதுல கடன் வட்டியை நான் சேக்கவே இல்ல, உன் மனசு நோகும்னுதான். உனக்கு வருசத்துக்கு லீவு எவ்வளவு? ஊருக்கு வர்றது, கல்யாணம் காட்சி, புள்ளைங்க பரீட்சை, அந்தப் புள்ளைக்கு லீவு கிடைக்காததுன்னு கழிச்சா, வண்டியில படுக்குறது 20 ராத்திரி தேறும்னு வை. ஒரு ராத்திரிக்கு 347 பவுண்டு ஆச்சு. அந்தக் காசுக்குக் காலையில முட்டையும் ரொட்டியும் கொண்டாந்து கட்டில் பக்கத்துல வைக்கிற ஹோட்டலே கிடைக்கும். நீ அம்புட்டையும் கொடுத்துட்டு, மடக்குக் கட்டில்ல காலை மடக்கிப் படுத்துக்கிட்டு, மேல மழை தட்டுற சத்தத்தை எண்ணிக்கிட்டு இருப்பே.

அதுவே வருசத்துக்கு 100 ராத்திரி படுத்தா? ராத்திரிக்கு 70 பவுண்டுக்குள்ள வந்துரும். மூணாவது வீட்டுப் பெரியவரு கணக்கு அதுதான். அவருக்கு ஆபீசு இல்ல, பள்ளிக்கூடம் இல்ல, சொந்தக்காரன் கல்யாணமும் இல்ல. ஏப்ரல்ல கிளம்பினா செப்டம்பர் வரைக்கும் வீட்டுக்கும் ரோட்டுக்குமா இருப்பாரு. அவருக்கு அந்த வண்டி லாபம். உனக்கு? நான் ஒண்ணும் சொல்லல, வகுத்தல் நீயே போட்டுக்க.

நிறுத்துற எடம்னு சொன்னேனே. உன் வீட்டு முன்னாடி கார் நிக்கவே தெனமும் சண்டை. ஏழு மீட்டர் வண்டியை எங்க நிறுத்துவே? அங்க சில குடியிருப்புப் பத்திரத்துலயே வீட்டு முன்னால கேரவன் நிறுத்தக் கூடாதுன்னு ஷரத்து இருக்காம். அப்ப ஊருக்கு வெளியே, கம்பிவேலி போட்டு, கேமரா வச்ச ஸ்டோரேஜ்தான். ‘நெனச்ச மாத்திரத்துல கிளம்பலாம்’னு சொல்லித்தானே வாங்குறே? நெனச்ச மாத்திரத்துல கார் எடுத்து, ஸ்டோரேஜுக்குப் போயி, கேட் தொறக்குற நேரம் பாத்து, வண்டியை எடுத்து, வீட்டுக்கு வந்து, ரெட்டை லைட்டு போட்டு நடுரோட்டுல நிறுத்திச் சாமான் ஏத்தி, அப்பறம் கிளம்பலாம்.

புதுசு வேண்டாம், பழசா வாங்குறேன்னு சொல்வே. நல்ல யோசனைதான், ஆனா நீ இருக்குறது ஹாரோ. 2023 ஆகஸ்ட் 29ல இருந்து லண்டன் பூராவும் புகைக் கட்டுப்பாட்டு வளையம். யூரோ 6 தரத்துக்குக் கீழே உள்ள பழைய டீசல் வண்டியை எடுத்தா ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. கிறிஸ்துமஸ் ஒருநாள் மட்டும் விலக்கு. வண்டி வீட்டு முன்னால சும்மா நின்னா காசு இல்ல, நகத்துனாத்தான். இந்த ஒரு விசயத்துலயாவது உன் வண்டி நிக்கிறது லாபம்.

அடுத்தது எடை. இதை நீ யோசிச்சிருக்கவே மாட்டே. 1997 ஜனவரி 1க்கு முன்னால லைசென்சு எடுத்தவனுக்கு அங்க ஏழரை டன் வரைக்கும் ஓட்டலாம். நீ எடுத்தது போன பத்தாண்டுல. எத்தனை தடவைக்குப் பொறவு எடுத்தேன்னு நான் இங்க சொல்லல. உனக்கு 3,500 கிலோதான் எல்லை, அதுக்கு மேல ஓட்ட வேற பரீட்சை எழுதணும். வண்டி வெறுமனே நிக்கும்போதே 3,050 கிலோன்னு வை. அதுல டிரைவரையும் சேத்துத்தான் எடை போட்டிருக்கான், 75 கிலோன்னு. உன்னை 75 கிலோன்னு நம்புற ஒரே இடம் அந்தச் சட்டப் புத்தகம்தான் மாப்ளே. எங்க தங்கச்சி ஊத்துன நெய்யெல்லாம் எங்க போச்சு? மிச்சம் 450 கிலோ. அந்தப் புள்ளயும் ரெண்டு குழந்தையும் 130. நூறு லிட்டர் தண்ணி 100. வெயில் மறைப்புக் கூடாரம் 30. சைக்கிளும் அதை மாட்டுற கம்பியும் 70. கூடுதல் பேட்டரி 25. அரிசி மூட்டை 20. கிரைண்டர் இல்லாம அந்தப் புள்ள எறங்காது, அது ஒரு 12. பாத்திரம், படுக்கை, துணிமணி இன்னும் ஏத்தவே இல்ல. ரோட்டுல மறிச்சு எடைமேடையில ஏத்தினான்னா அபராதம் 100 பவுண்டுல ஆரம்பிக்கும். ஜாஸ்தியாக ஆக அபராதமும் ஏறும். ஒண்ணு அரிசியை எறக்கணும், இல்ல உன்னை எறக்கணும்.

தங்குற எடத்துக்கு வா. மின்சாரத்தோட ஒரு இடம் சீசன்ல ராத்திரிக்கு 30, 40 பவுண்டு. கடலைப் பாத்த எடம்னா இன்னும் கூட. வீட்டைக் கூடவே கொண்டு போயும் வாடகை! பள்ளிக்கூட லீவுன்னா அதுவும் கிடைக்காது, மாசக்கணக்குல முன்னாடி பதியணும். ஒரு விசயம் மட்டும் என் மனசைத் தொட்டுச்சு. அங்க 1960ல ஒரு சட்டம் போட்டிருக்கான். அங்கீகாரம் உள்ள சங்கங்கள் சான்று கொடுத்தா, ஒரு விவசாயி தன் வயல்ல அஞ்சு வண்டி வரைக்கும் நிறுத்த விடலாம், தனி உரிமம் வேண்டாம். ஒரு தண்ணிக்குழாய், கழிவு ஊத்த ஒரு குழி, புல்லுத்தரை, அவ்வளவுதான். ராத்திரிக்குப் பதினஞ்சு பவுண்டுன்னாலும் அஞ்சு வண்டிக்கு 75. உழல, விதைக்கல, களை எடுக்கல, பூச்சி மருந்து அடிக்கல. நான் கரிசல்ல உளுந்தைப் போட்டுட்டு மேகத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அவன் புல்லை வளத்து வெள்ளாமை எடுக்குறான். நீ வண்டி வாங்குறதைவிட அந்த மாதிரி ஒரு வயல் வாங்குனா நான் கூட பங்கு போடுவேன்.

இப்பக் கக்கூஸ் கதை. வண்டிக்குள்ள கழிப்பறை இருக்குன்னு அந்தப் புள்ளைக்குப் படம் காட்டியிருக்கே. அதுக்கடியில ஒரு பெட்டி இருக்குன்னு காட்டுனியா? இருவது லிட்டர் கூடப் பிடிக்காது. நாலு பேருக்கு ரெண்டு நாள் தாங்குனா பெரிசு. காலையில ஏழரை மணிக்கு ஒரு கேரவன் மைதானத்துல போயி நின்னு பாரு. ஆம்பளைங்கெல்லாம் அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு, சின்னச் சக்கரம் வச்ச பெட்டியைக் கைப்பிடி பிடிச்சு இழுத்துக்கிட்டு வரிசையா வருவாங்க. விமான நிலையம் மாதிரி இருக்கும். ஒருத்தருக்கொருத்தர் குட்மார்னிங் வேற. மூலையில ஒரு தொட்டி. அதுல பெட்டியைச் சாய்ச்சு ஊத்தணும், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. அப்புறம் அலசி, நீலத் திரவம் ஒரு மூடி விட்டு, திரும்ப இழுத்துக்கிட்டுப் போகணும். அந்த நீலத் திரவத்துக்கும் காசு. நம்ம வீட்டுல தோட்டத்துக் குப்பைக்கூடையை எடுத்து வெளியே வைடான்னா முதுகு பிடிச்சிருக்குன்னு சொன்னவன் நீ. எனக்கு அந்தக் காட்சியைப் பாக்குற ஆசைக்காகவாவது நீ வண்டி வாங்கணும்.

வெளிநாட்டுப் பயணமும் போகணுமாமே, பிரான்சு, சுவிட்சர்லாந்து, ஸ்பெயின். போ, நல்லாப் போ. கப்பல்காரன் நீளத்தை அளந்து காசு வாங்குவான். பின்னால சைக்கிள் கம்பி மாட்டியிருந்தா அதையும் சேத்து அளப்பான். இப்ப நீ பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டு, அந்தப் புள்ள இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டு. ரெண்டும் நீலம்தான், ஆனா பிரான்சுக்காரனுக்கு வித்தியாசம் தெரியும். உனக்கு 180 நாள்ல 90 நாள் வரைக்கும் விசா வேண்டாம். அந்தப் புள்ளைக்கு ஷெங்கன் விசா வேணும், கட்டணம் மட்டும் 90 யூரோ. அதுக்கு எங்கெங்க தங்கப் போறோம்னு அத்தாட்சி காட்டணும். ‘பாதை போற எடத்துக்குப் போவோம், இருட்டுன எடத்துல படுப்போம்’னு விசா பாரத்துல எழுதிப் பாரு, என்ன சொல்றான்னு.

தயிரையும் எடுத்துட்டுப் போக முடியாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பொறவு, அங்க இருந்து இறைச்சி, பால் பொருள் எதையும் உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு சட்டம். தயிர், நெய், பன்னீர் எல்லாம் துறைமுகத்துக் குப்பைத்தொட்டிக்குத்தான். வரும்போது பிரான்சு சீஸ் வாங்கிட்டு வரலாம்னு நெனச்சியா? 2025 ஏப்ரல்ல இருந்து பிரிட்டன்காரனும் அதையே சொல்லிட்டான். ஊறுகாய்க்குத் தடை இல்ல. ஊறுகாயை மட்டும் நக்கிக்கிட்டுப் போக வேண்டியதுதான்.

பிரான்சுல சுங்கச்சாவடி உயரத்தைப் பாக்கும். ரெண்டு மீட்டருக்குக் கீழ உள்ள கார் முதல் வகுப்பு. உன் வண்டி கண்டிப்பா ரெண்டு மீட்டரைத் தாண்டும், அப்ப ரெண்டாம் வகுப்பு, காருக்கு ஆகுறதுல ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு. மூணு மீட்டரைத் தொட்டா மூணாம் வகுப்பு, சின்ன லாரியோட சேத்துருவான். நம்ம ஊர் ரயில்ல அந்தக் காலத்துல மூணாம் வகுப்புக்குத்தான் காசு கம்மி, அங்க தலைகீழ். சுவிட்சர்லாந்துல நெடுஞ்சாலைச் சீட்டு 40 பிராங்க். அரைநாள் போனாலும் வருசச் சீட்டுதான், ஒருநாள் சீட்டுன்னு ஒண்ணு கிடையாது. இழுக்குற கேரவன்னா காருக்கு ஒரு சீட்டு, கேரவனுக்கு இன்னொரு சீட்டு. ஜெர்மனிக்காரன்தான் நல்லவன், நெடுஞ்சாலைக்குக் காசே வாங்க மாட்டான். அதனாலதான் அங்க நீ முழிக்கிற முழியில மத்தவன் 200 கிலோமீட்டர் வேகத்துல தாண்டிப் போவான்.

ஸ்பெயின்ல ஒரு நுணுக்கம் இருக்கு. வண்டியை நிறுத்திட்டு உள்ள தூங்குறது பார்க்கிங். கூடாரத்தை விரிச்சு நாற்காலியை வெளியே போட்டா அது கேம்பிங், அபராதம். அதாவது தூங்கலாம், ஆனா சொகமா இருக்குற மாதிரி வெளியே தெரியக் கூடாது. இத்தாலியில பழைய நகரத்துக்குள்ள தெரியாமப் புகுந்துட்டா கேமரா படம் பிடிச்சு, மாசக்கணக்கு கழிச்சு வீட்டுக்கு ஓலை வரும். வாடகை வண்டின்னா உன் விலாசத்தைக் கொடுத்த புண்ணியத்துக்கு வாடகைக் கம்பெனியும் ஒரு கட்டணம் பிடிக்கும்.

கேஸ் சிலிண்டர் இருக்கே, அதான் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இங்கிலாந்து சிலிண்டரை ஐரோப்பாவுல மாத்திக் கொடுக்க மாட்டான். ஒவ்வொரு நாட்டுக்கும் மூடி வேற, திருகு வேற. எங்கயும் கிடைக்கிற நீல சிலிண்டர் ஒண்ணு இருக்கு, அதுல மூணு கிலோ கேஸ் கூட இல்ல. இங்க வீட்டுக்கு வர்றது 14.2 கிலோ. மூணு வேளை தோசை, ரசம், குக்கர்ல நாலு விசில்னு ஆரம்பிச்சா அது எத்தனை நாள் வரும்? பிரான்சுல ஒரு நல்ல ஏற்பாடு உண்டு, அதையும் மறைக்காமச் சொல்லிர்றேன். 1993ல இருந்து, திராட்சைத் தோட்டக்காரனும் விவசாயியும் மோட்டார்ஹோம்காரனை ஒரு நாள் இலவசமாத் தங்க விடுறாங்க. வருசச் சந்தா மட்டும் கொஞ்சம் கட்டணும். எதுவும் வாங்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா தோட்டக்காரன் சிரிச்ச முகமா வந்து ஒரு கிளாஸ் ஊத்திக் கொடுத்தா நீ சும்மா வருவியா? ஆறு பாட்டில் வாங்கிட்டுத்தான் வருவே. இலவசமாத் தங்குனதுக்கு உங்கிட்ட வாங்குற மாதிரி யாரும் காசு வாங்க முடியாது.

இப்படி வீட்டு வண்டியில ஊர் சுத்துற பழக்கத்தை ஆரம்பிச்சு வச்சவன் கதையை மூணாவது வீட்டுப் பெரியவரு சொன்னாரு. கார்டன் ஸ்டேபிள்ஸ்னு ஒரு டாக்டர், கடற்படையில இருந்து ரிட்டயர் ஆனவரு. 1885ல உல்லாசத்துக்குன்னே ஒரு வீட்டு வண்டி செய்யச் சொல்லி, ‘வாண்டரர்’னு பேரு வச்சு, ரெண்டு குதிரை பூட்டி, இங்கிலாந்துல இருந்து ஸ்காட்லாந்து வரைக்கும் போனாரு. உள்ள மகோகனிப் பலகை, புத்தக அலமாரி. கேக்கவே ராஜபோகமா இருக்குல்ல? கூட யாரு போனாங்கன்னு கேளு. குதிரை ஓட்ட ஒரு ஆளு. கூட ஒரு வேலைக்காரன். அவன் மூணு சக்கர சைக்கிள்ல முன்னால போயி, வளைவுல வண்டி வருதா, மேடு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லணும். மொத ஆளே ரெண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்துட்டுத்தான் உல்லாசமாப் போயிருக்கான். உன் வண்டியில அந்த ரெண்டு பேரு யாரு? ஒருத்தன் நீ. இன்னொருத்தி தினமும் சமைச்சு, துடைச்சு, மடக்குக் கட்டிலை மேசையாக்கி, மேசையைக் கட்டிலாக்கி, ஈரத்துணியை எங்க காயப்போடன்னு திரிவா. அவளுக்கு இது லீவு இல்ல மாப்ளே, அடுப்படியைச் சின்னதாக்கிக் கூடவே இழுத்துட்டுப் போறது. வண்டி வாங்குறதுக்கு முன்னாடி வங்கி மேனேஜரைக் கேக்கிறியோ இல்லியோ, அவளைக் கேளு.

இங்க நம்ம சின்னவனுக்கும் உன்னால ஆசை வந்திருச்சு. பழைய வேனை வாங்கி உள்ள கட்டில், கேஸ் அடுப்பு, சின்க் எல்லாம் மாட்டப் போறானாம். வண்டியைக் கம்பெனி செஞ்ச மாதிரி இல்லாம மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்க நிக்கும், ஆர்.டி.ஓ. ஆபீசுல அனுமதி வாங்கி ஆர்.சி. புக்குல ஏத்தணும்டான்னு சொன்னேன். முகம் தொங்கிப் போச்சு. கேரளாவுக்காரன் புத்திசாலி. 2021ல கேரவன் சுற்றுலாவுக்குன்னே ஒரு கொள்கை போட்டு, அடுத்த வருசம் வாகமண்ல கேரவன் பூங்காவும் தொறந்துட்டான். வண்டி, டிரைவர், எடம் எல்லாம் வாடகைக்கு. சின்னவனை அங்க ஒருநாள் அனுப்பி வச்சா ஆசை தீந்துரும்னு பாக்குறேன்.

உனக்கும் அதைத்தான் சொல்றேன். வாடகைக்கு எடு. சீசன்ல ஒரு நாளைக்கு 120ல இருந்து 200 பவுண்டு வரைக்கும் கேப்பான், பெரிசாத்தான் தெரியும். 347ன்னு மேல நான் போட்ட கணக்கைப் பக்கத்துல வச்சுப் பாரு. அதுவும் ஜூலையில எடுக்காதே, ஜூலையில எல்லா வண்டியும் சொர்க்கமாத்தான் இருக்கும். அக்டோபர் கடைசியில புள்ளைங்களுக்கு ஒருவாரம் லீவு விடுறானே, அப்ப எடு. மழை பெய்யணும், நாலரை அஞ்சுக்கே இருட்டணும், நாலு பேரும் வெளியே போக முடியாம உள்ளயே கிடக்கணும். அந்த வாரம் பூராவும் கக்கூஸ் பெட்டியை நீயே இழு, சமையலையும் நீயே பாரு. அந்தப் புள்ள ஜன்னலோரம் உக்காந்து புத்தகம் படிக்கட்டும்.

அது முடிஞ்சு திரும்பி வரும்போதும் உங்க ரெண்டு பேர் முகத்துலயும் சிரிப்பு இருந்துச்சுன்னா, அப்ப நீங்க வண்டிக்காரங்கதான், நான் வாயைத் திறக்க மாட்டேன். அப்பவும் புதுசு வேண்டாம். மூணு நாலு வருசம் ஓடுன, யூரோ 6 வண்டியா, எவனோ ஒரு மவராசன் வாட் வரி கட்டி முடிச்சதாப் பாத்து வாங்கு. போகும்போது மூணாவது வீட்டுப் பெரியவரைக் கூட்டிட்டுப் போ, அந்த ஈர மீட்டரோட. எல்லா மூலையிலயும் குத்திப் பாக்கச் சொல்லு. வருசா வருசம் சர்வீசு பண்ணுன சீட்டு இல்லாத வண்டியைத் தொடாதே. டயர் தேயலேன்னு சந்தோசப்படாதே, அதுல போட்டிருக்குற வருசத்தைப் பாரு. நின்ன எடத்துலயே நிக்கிற வண்டிக்கு டயர் தேயாது, வெடிக்கத்தான் செய்யும்.

வாடகைக்கு எடுக்கப் போகும்போது டிரைவருக்கு 25 வயசு நெறைஞ்சிருக்கான்னு பெரும்பாலும் கேப்பாங்க. உனக்கு 42 ஆச்சு. வயசை மட்டும்தான் கேப்பாங்க, தைரியமாப் போ.